கடாரக் கரை: கல்லும் சொல்லும்



கடற்பயணத்தையும் தொன்மைச் சின்னங்களையும் இணைத்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். கிரேக்கத் தீவுகளையும் துருக்கியின் தென்கரையையும் பற்றிக் கேட்க வந்தவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். அங்கே பாய்ப்படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, பகலில் கடலோடி, மாலையில் ஏதேனும் ஒரு பழநகரின் இடிபாடுகளுக்கு அருகில் நங்கூரம் பாய்ச்சும் விடுமுறை வழக்கம் நெடுநாளாக உண்டு. நம் கரையிலும் பாய்விரித்துச் செல்வோர் இருக்கிறார்கள். நவம்பர் மாதத்தில் நடைபெறும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் போட்டி, கிள்ளான் துறையில் தொடங்கிப் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடிகிறது. பினாங்கை விட்ட படகுகள் எல்லாம் பழைய கடாரத்தின் வாசலைக் கடந்தே வடக்கே செல்கின்றன. அவை அங்கே நிற்பதில்லை. நிற்பதற்கு அங்கு என்ன இருக்கிறது என்பதே இன்று என் பேச்சு.

தஞ்சோங் டாவாய் மீனவர் சிற்றூர் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ளது. அவ்வூரை நோக்கிக் கடல்வழியே வருபவரின் கண்ணில் முதலில் படுவது ஊரன்று, குனோங் ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். உலகக் கணக்கில் இது பெரிய மலை அன்று. ஆயினும் சமவெளியிலிருந்து தனியே எழுந்து கடலோரமாகவே நிற்பதால், கரை தோன்றுவதற்கு நெடுநேரம் முன்பே அது தோன்றிவிடும். நிக்கோபார்த் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையிலுள்ள வழி ஏறத்தாழ ஆறாம் வடபாகையில் அமைந்தது. அவ்வழியே நுழைந்து நேர்கிழக்காக வரும் கப்பலுக்கு எதிரில் நிற்பது இந்த மலைதான். சீனத்துறவி இ-சிங் தம் பயணத்தில் இவ்வழியையே எதிர்த்திசையில் மேற்கொண்டார். 671ஆம் ஆண்டில் குவாங்சௌவிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீவிசயத்திலும் மலாயுவிலும் தங்கி, கடாரத்திற்கு வந்து, அங்கிருந்து நிக்கோபார் வழியாக 673ஆம் ஆண்டில் வங்கத்தின் தாமிரலிப்தித் துறையை அடைந்தார். கடாரம் அக்காலக் கடலோடிகள் காற்று மாறும்வரை காத்திருந்த இடம். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்தவர், வாடைக்காற்றுப் பிறந்த பின்னரே ஊர் திரும்ப முடியும். மாதக்கணக்கில் காத்திருக்கும் வணிகனுக்குக் கிடங்கு வேண்டும், உறவு வேண்டும், கோயில் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட கட்டடங்களைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

கடலிலிருந்து பார்த்தால் அக்கட்டடங்களில் ஒன்றும் தெரியாது. அவை இருந்த காலத்தில் கரை இன்னும் உள்ளே இருந்தது. மூடா ஆறும் மெர்போக் ஆறும் கொணர்ந்த வண்டல், பழைய வளைகுடாவை நெல்வயலாகவும் அலையாத்திக் காடாகவும் மாற்றிவிட்டது. சுங்கை பத்துவில் படகுத்துறை என்று அகழ்வாய்வாளர் அடையாளம் காட்டும் செங்கல் தளங்கள் இன்று தோட்டநிலத்தின் நடுவே கிடக்கின்றன. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழுவினர் அங்கே இரும்பு உருக்கும் உலைகளையும் ஊதுகுழல்களையும் பெருமளவில் வெளிக்கொணர்ந்தனர். கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை செல்லும் காலக்கணிப்பையும் அவர்கள் வெளியிட்டார்கள். அதை ஏற்காத அறிஞரும் உளர். தொழிற்சாலை இருந்தது உறுதி. அதன் தொடக்கக் காலம் விவாதத்தில் உள்ளது. ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி என் துறைக்கு வருகிறேன்.

1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி, இன்று செபராங் பிறை எனப்படும் நம் மாநிலத்தின் நிலப்பகுதியில், எழுத்துப் பொறித்த பலகைக்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. கல்லின் நடுவே ஒரு தூபியின் உருவம். அதைச் சுற்றி எழுத்து. இரக்தமிருத்திகை என்னும் ஊரினனாகிய புத்தகுப்தன் என்ற மாநாவிகன் தன் பயணம் எல்லா வகையிலும் இனிது நிறைவேற வேண்டும் என்று வேண்டியதைக் கூறும் பொறிப்பு அது. காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு. நம் மாநிலத்தில் வாழ்ந்தவர் அல்லது வந்துபோனவர் ஒருவரின் பெயர் எழுத்தில் நிற்பது எனக்குத் தெரிந்து இதுவே முதன்முறை. அவர் அரசர் அல்லர், கப்பலோட்டி. பினாங்கு மாணவர்க்கு இக்கல்லைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் அதுவே.

அக்கல்லின் எழுத்து தென்னிந்திய மரபைச் சார்ந்தது. பல்லவர் எழுத்து என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் மொழி வடமொழி. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, "பல்லவர் எழுத்து, ஆகவே தமிழ், ஆகவே தமிழர்" என்று மூன்று படிகளை ஒரே தாவலில் கடந்துவிடுகிறோம். இந்நாட்டு மாணவருக்கு இதை விளக்குவது எளிது. மலாய் மொழி ஜாவி எழுத்தில் எழுதப்பட்டது. அதனால் அது அரபு ஆகிவிடவில்லை. இன்று உரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதனால் அது ஆங்கிலமும் ஆகவில்லை. பூஜாங் பகுதியின் நன்கறியப்பட்ட பழம்பொறிப்புகள் வடமொழியிலேயே உள்ளன, பல பௌத்தச் சார்புடையவை. இரக்தமிருத்திகை எங்கே என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. வங்கத்தில் என்போர் பலர். இத்தீபகற்பத்திலேயே என்போர் சிலர்.

பள்ளிச் சுற்றுலாப் பேருந்து சுங்கை பட்டாணியைக் கடந்ததும், "இதோ சோழர் கட்டிய நகரம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. புத்தகுப்தன் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவன். மேலும், சோழர் மெய்க்கீர்த்தி கடாரத்தை வென்றதாகவே சொல்கிறது, கட்டியதாகச் சொல்லவில்லை. அதே சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு வேறோர் உறவைக் காட்டுகிறது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஊரையே அளித்தான். தந்தை நிலம் கொடுத்த உறவில் மகன் படை அனுப்பினான். இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கே வைத்துப் படித்தால் மாணவருக்கு வரலாறு சுவைக்கும். வெற்றிமுழக்கம் மட்டும் கேட்டவர்க்கு அது ஒரு திரைப்படக் காட்சியாகவே நின்றுவிடும்.

அப்படியானால் இக்கடலில் தமிழுக்குச் சான்றே இல்லையா? உண்டு. நாம் தேடும் இடத்திற்குச் சற்று வடக்கே உண்டு. தாய்லாந்தின் மேற்குக் கரையில் ரனோங் பகுதியைச் சேர்ந்த பூ காவ் தோங் என்னும் இடத்தில் கிடைத்த ஓட்டுச்சில்லில், தமிழ்ப் பிராமி எழுத்துகள் சில உள்ளன. ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்தார். அவற்றுள் ஓர் எழுத்து றகரம். வடமொழிக்கும் பிராகிருதத்திற்கும் இல்லாத அந்த ஓர் எழுத்தே, எழுதப்பட்ட மொழி தமிழ் என்று நிறுவப் போதுமானதாயிற்று. துறவி என்னும் பொருளுடைய சொல்லின் பகுதியாக அது இருக்கலாம் என்பது அவர் கருத்து. அதற்குத் தெற்கே, கிராபி மாநிலத்துக் குலோங் தோமில் பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறிய கட்டளைக்கல் ஒன்று கிடைத்தது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது. "பெரும்பதன் கல்" என்று அதில் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. தன் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடாதிருக்க ஒரு பொற்கொல்லன் பெயர் பொறித்தான், அவ்வளவே. எனினும் சோழர் படையெடுப்பைக் காட்டிலும் இந்த உள்ளங்கையளவு கல் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தகுவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவையும் குறிக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். சுமத்திராவின் மறுகரையில், பாருசுக்கு அருகிலுள்ள லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. அதில் "மரக்கல நாயன்" என்னும் சொல் வருகிறது. வடமொழிக் கல்லின் மாநாவிகனுக்குத் தமிழ்க் கல்லில் கிடைத்த இணை இச்சொல்.

கடாரம் என்னும் பெயரைப் பற்றி ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. கடாரம் என்றால் கொப்பரை. இரும்பு உருக்கிக் கொப்பரை செய்த ஊராதலால் கடாரம் ஆயிற்று என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்பதற்கு இனிமையானது. ஆனால் வடமொழியில் இவ்வூர் கடாகம் எனப்படுகிறது. அச்சொல்லுக்கும் கொப்பரை என்பதே பொருள். வேற்றுமொழி ஊர்ப்பெயர் ஒன்று காதில் விழும்போது, அதற்கு ஒலியால் நெருங்கிய தன் மொழிச் சொல்லைப் பொருத்திக்கொள்வது எல்லா மக்களிடமும் உள்ள இயல்பு. கெடா என்னும் உள்நாட்டுப் பெயரையே தமிழரும் வடமொழியாளரும் தத்தமக்குப் பழகிய கொப்பரையாக்கிக் கொண்டிருக்கலாம். பட்டினப்பாலை காட்டும் காழகம் இவ்வூரே என்பது நச்சினார்க்கினியர் உரை. அவர் காலம் நூலின் காலத்திற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. காழகத்தைப் பர்மா என்று கொண்ட ஆய்வாளரும் உண்டு. உரையாசிரியரை மதிப்போம், ஆனால் அவர் கூற்றைக் கல்வெட்டைப் போல மேற்கோள் காட்டுதல் தகாது.

கரையில் கல் கொடுக்காத சான்றைச் சில நேரங்களில் வாய்ச்சொல் கொடுக்கும். மலாய் மொழியில் 'கப்பல்' காப்பால் ஆயிற்று, 'பெட்டி' பெத்தி ஆயிற்று, 'கட்டில்' காத்தில் ஆயிற்று. 'கடை'யோ கெடாய் ஆயிற்று. 'முதல்' மோடால் ஆயிற்று. மலாய் எழுத்துக்கூட்டலை எண்ணிப் பாருங்கள். தமிழில் ஒற்று இரட்டித்த இடங்களில் மலாயில் வல்லொலி நிற்கிறது. இரட்டிக்காத இடங்களில் மெல்லிய, அதிர்வொலி நிற்கிறது. நம் எழுத்தில் ககர சகர டகர தகர பகரங்களுக்கு இவ்வொலி வேறுபாட்டைக் காட்டும் தனிக்குறி இல்லை. நாவில் மட்டுமே உண்டு. ஆகவே இச்சொற்களை மலாய்க்காரர் ஏட்டிலிருந்து பெறவில்லை. துறையிலும் சந்தையிலும் நின்று தமிழர் பேசக் கேட்டுப் பெற்றார்கள். என் வகுப்புகளில் தமிழ் ஒலியியலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஏற்பட்ட காலத்தை இது தனியே சொல்லாது. பழகிய விதத்தைச் சொல்லும்.

கட்டடங்களின் நிலை குறித்தும் கூறவேண்டும். குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் பூஜாங்கில் பல இடங்களை எண்ணிட்டுப் பதிந்தார். புக்கிட் பத்து பஹாட்டின் சண்டி 1959-60இல் அலஸ்டர் லாம்ப் என்பவரால் ஆராயப்பெற்று மீள அடுக்கப்பட்டது. இன்று அருங்காட்சியகத்தின் அருகே நாம் காண்பது அதுவே. அந்த நற்பேறு எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை. பதினொன்றாம் எண்ணிட்ட சண்டி வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. நிலம் தனியாருடையது, மரபுச்சின்னமாக அரசிதழில் பதிவு பெறவில்லை. நாட்டில் மரபுடைமைச் சட்டம் 2005 முதலே இருந்தது. சட்டம் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாத சின்னத்தைக் காக்க இயலாமல் போயிற்று.

நாம் இதைப் பிறர்மேல் மட்டும் சுமத்திவிட இயலாது. நாகப்பட்டினத்தில் பழைய பௌத்தக் கட்டடம் ஒன்று, மூன்று நிலைச் செங்கற் கோபுரமாய், கடலோடிகளுக்கு அடையாளமாய், 19ஆம் நூற்றாண்டிலும் நின்றுகொண்டிருந்தது. சென்னை அரசின் இசைவோடு 1867இல் அது இடிக்கப்பட்டது. ஒரே கடல்வழியின் மேற்கு முனையில் ஒன்று, கிழக்கு முனையில் ஒன்று. பின்னாளில் ரஜுலாக் கப்பலில் நாகையில் ஏறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர், இரண்டு கரையிலும் அடையாளம் காணக் கோபுரமின்றியே வந்தார்கள்.

பயணம் போக விரும்பும் மாணவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பாய்ப்படகு வேண்டியதில்லை. புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னாள் தேவாலய வளாகத்திலேயே செரோக் தொக்குன் பாறை உள்ளது. அதையும் 1845இல் கண்டவர் லோ அவர்களே. எழுத்துகள் மிகத் தேய்ந்தவை. நண்பகலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். வெயில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். எழுத்துத் தெளியும் என்று எண்ணிச் சுண்ணக்கட்டியைப் பாறையில் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கைவிளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். படம் எடுப்பவர் அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்கவும். வழிபாட்டு நேரமாக இருந்தால், முடியும்வரை வெளியே காத்திருக்கவும்.