தானுகந்த திருமேனி

 

எம்பெருமானாருக்குத் திருமேனிகள் மூன்று பிரஸித்தம். திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. திருநாராயணபுரத்தில் இருப்பது தமருகந்த திருமேனி. 1017-ஆம் ஆண்டில் அவர் திருவவதாரம் செய்தருளிய இந்த ஸ்ரீபெரும்பூதூரில் இருப்பது தானுகந்த திருமேனி. முதலியாண்டானின் திருக்குமாரர் கந்தாடையாண்டான் சமைப்பித்த விக்கிரகத்தை உடையவர் மார்போடு அணைத்து, தம் சக்தியை அதில் நிலைநிறுத்தினார் என்று பெரியோர் கூறுவர்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். தன்னைத் தானே உகக்கலாமா? நம் ஆசாரியர்கள் ‘நீசன்’ என்றும் ‘பாவி’ என்றுமன்றோ தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்?

சொல்லிக்கொண்டார்கள், ஆனால் யார் முன்னிலையில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்நத்தில் தம் தாழ்மையைப் பேசுவது, கைவிட மாட்டான் என்று தாம் உறுதியாக நம்பிய எம்பெருமானிடத்தில். அது குழந்தை தாயின் மடியில் அழும் அழுகை. நாமோ அண்டை வீட்டான் முன்னும் மேலதிகாரி முன்னும் நம்மை இழித்துக்கொண்டு, அதற்கு நைச்சியம் என்று பெயர் சூட்டுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

ஆத்மா எம்பெருமானுக்கு சேஷம், அவனுடைய உடைமை. இது நம் சித்தாந்தத்தின் உயிர்நிலை. அதை ‘என்னது’ என்று அபகரிப்பது களவு என்றார்கள். அவ்வாறாயின், அவன் பொருளைக் குப்பையென்று எறிவதும் குற்றமே என்பது அடியேனுடைய துணிபு. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளலாகாது என்று கண்ணன் விதித்திருக்கிறான். ஏழாம் அத்தியாயத்திலோ ஞானியைத் தன் ஆத்மா என்கிறான். அவ்விடத்தில் பாஷ்யகாரர், தன்னையன்றித் தரியாத அன்பனையன்றித் தானும் தரிக்கமாட்டான் எம்பெருமான் என்று வியாக்கியானம் செய்தருளினார். இதற்கு மேல் ஒரு ஜீவனுக்கு என்ன மதிப்பு வேண்டும்?

இது ஏட்டோடு நின்ற உபதேசமன்று. உடையவர் காவிரிக்கு நீராடப் போகும்போது முதலியாண்டான் கைபற்றிப் போவார். நீராடி மீளும்போது பிள்ளை உறங்காவில்லி தாஸரின் கைபற்றி வருவார். தாஸர் உறையூர் மல்லர், வேதியர் குலத்தவரல்லர். சீடர் சிலர் முகம் சுளித்தனர். தாஸருடைய பக்தியையும் அடக்கத்தையும் உடையவர் அவர்களுக்கு உணர்த்தினார்; பழக்கத்தை மாற்றவில்லை. அந்தக் கையின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊர் அதற்கு ஒரு விலை வைத்திருந்தது. உடையவர் அதைப் பற்றிக்கொண்டபோது அந்த விலை செல்லாக்காசாயிற்று.

இதை இவ்வூரில் சொல்லக் காரணம் உண்டு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. பின்னர் ஒரகடம் வரை ஆலைகள் எழுந்தன. தொலைதூர மாவட்டங்களின் பிள்ளைகள் வந்து, இரவென்றும் பகலென்றும் பாராமல் முறை வைத்து உழைக்கிறார்கள். 2006-இல் திறந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடியபோது, ஆயிரக்கணக்கானோர் திகைத்து நின்றதை நாடறியும். சம்பளம் போனது துன்பம். ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று ஒருவன் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வது அதனினும் பெருந்துன்பம். ஒப்பந்தம் முடிவது வேலைக்குத்தான். சேஷத்துவத்துக்குக் காலக்கெடு இல்லை.

உபயதாரர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் கைங்கர்யத்தால் கோபுரம் பொலிகிறது. ஆயினும் சில ஆலயங்களில் குழல் விளக்கில் கொடுத்தவர் பெயரைப் பெரிதாக எழுதி, வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறார்கள்! சிரிக்கிறீர்கள். பெயர் பொறிப்பது பிழையன்று. பெயர் இல்லாவிட்டால் நாம் இல்லை என்று அஞ்சுவதுதான் பரிதாபம். உண்டியலில் பத்து ரூபாய் இட்டு, வரிசையில் ஒதுங்கி நிற்கும் அம்மையும் அதே உடையவனின் உடைமை.

உடையவர் ஸந்நிதியில் ஸாதிக்கும் ஸ்ரீசடகோபத்துக்கு ‘முதலியாண்டான்’ என்று திருநாமம். ஆலையிலிருந்து நேரே வந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் இளைஞன் தலையிலும் அதுவே அமர்கிறது. நன்கொடையாளர் தலையிலும் அதுவே. ஊர், குலம், உத்தியோகம் ஒன்றும் கேட்பதில்லை. தலையைக் குனிந்தால் போதும்.