அந்த சினிமா கார் முதல்ல யாரோடது?

எதிர்காலத்துல நடக்கிற மாதிரி ஒரு பழைய ஹாலிவுட் படம் பாக்குறீங்க. விசித்திரமா ஒரு கார் வருது. "செட்டுல செஞ்சிருப்பாங்க"ன்னு நினைச்சுட்டுக் கடந்து போயிடுவோம். ஆனா சில கார்கள் படத்துக்காகச் செஞ்சதே இல்ல. ஒரு கார் கம்பெனி, ஆட்டோ ஷோவுல காட்டுறதுக்காகச் செஞ்ச கான்செப்ட் கார் அது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னைக்கு அதுதான் பேச்சு.

முதல் விஷயம், பெயின்ட்டை நம்பாதீங்க. லைட், ஸ்டிக்கர், பின்னாடி மாட்டியிருக்கிற ராக்கெட் குழாய், இதெல்லாம் சுலபமா மாத்திடலாம். கண்ணாடியப் பாருங்க. கதவு எப்படித் திறக்குதுன்னு பாருங்க. வளைஞ்ச கண்ணாடியைப் புதுசா செய்யுறது பெரிய செலவு. கதவை மாத்துனா பாடியவே மாத்தணும். அதனால படக்காரங்க பெரும்பாலும் அங்க கை வைக்க மாட்டாங்க.

1966-ல வந்த 'பேட்மேன்' டிவி தொடரை எடுத்துக்கோங்க. அந்தக் கறுப்பு பேட்மொபைல்ல டிரைவருக்கு ஒண்ணு, ராபினுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதே குமிழ், 1955-ல வந்த லிங்கன் ஃப்யூச்சுரா கான்செப்ட் கார்லயும் இருக்கு. ஏன்னா ரெண்டும் ஒரே கார்!

ஃப்யூச்சுராவ வடிவமைச்சது ஃபோர்டு கம்பெனியோட பில் ஷ்மிட், ஜான் நஜார். கையால செஞ்சது இத்தாலியில, டூரின் நகரத்து கியா பட்டறை. ஆன செலவு சுமார் 2,50,000 டாலர். அப்போ அது முத்து மாதிரி மின்னுற வெள்ளை நிறம். 1959-ல 'இட் ஸ்டார்ட்டட் வித் எ கிஸ்' படத்துக்காக சிவப்பு பெயின்ட் அடிச்சாங்க. அப்புறம் அது, கார்களை மாத்தி வடிவமைக்கிற ஜார்ஜ் பாரிஸ் கைக்குப் போச்சு. வெறும் 1 டாலருக்குன்னு சொல்லுவாங்க.

பேட்மேன் வாய்ப்பு வந்தப்போ பாரிஸுக்குக் கிடைச்சது சில வாரம்தான். புதுசா ஒரு கார் செய்ய நேரமே இல்ல. சும்மா நின்னுட்டிருந்த ஃப்யூச்சுராவ எடுத்தார். ஏற்கெனவே இருந்த வால் இறக்கைகளை வௌவால் இறக்கையா மாத்தினார், கறுப்படிச்சார். 2013-ல அந்தக் கார் ஏலத்துல 42 லட்சம் டாலருக்குப் போச்சு.

அடுத்து 'டெமாலிஷன் மேன்'. 1993-ல வந்த படம், கதை நடக்கிறது 2032-ல. அதுல வர்ற போலீஸ் கார், ஜெனரல் மோட்டார்ஸ் 1992-ல காட்டுன அல்ட்ராலைட். இங்க கதவைப் பாருங்க. ஒரு பக்கத்துக்கு ஒரே கதவு, பறவை இறக்கை மாதிரி மேல தூக்கும், அது வழியாவே முன் சீட்டுக்கும் போகலாம், பின் சீட்டுக்கும் போகலாம். கார்பன் ஃபைபர் பாடி, எடை சுமார் 635 கிலோ. நம்ம மாருதி 800 எடைதான்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது, மைக்கேல் ஜாக்சனோட 'மூன்வாக்கர்'. 1988 படம். அதுல அவர் ஒரு காராவே மாறிடுவார். அந்தக் கார், பெர்டோனே நிறுவனத்துக்காக மார்செல்லோ கான்டினி வடிவமைச்ச லான்சியா ஸ்ட்ராடோஸ் ஸீரோ. வந்த வருஷம் 1970. உயரம் வெறும் 84 சென்டிமீட்டர், நம்ம இடுப்பளவுகூட வராது. பக்கத்துல கதவே கிடையாது. முன் கண்ணாடியத் தூக்கித்தான் உள்ள போகணும். 18 வருஷப் பழைய கார்தான் அந்தப் படத்துல எதிர்காலம்.

ஆனா ஏமாந்துடாதீங்க. 'ஐ, ரோபோ'ல வர்ற ஆடி, 'மைனாரிட்டி ரிப்போர்ட்'ல வர்ற லெக்ஸஸ், ரெண்டும் படத்துக்காகவே வடிவமைச்சது. 'கட்டாகா'வுல இன்னொரு தந்திரம். ஸ்டூடிபேக்கர் அவான்டி, சிட்ரோயன் டிஎஸ்னு பழைய கார்களையே ஓட்டி, எலெக்ட்ரிக் கார் மாதிரி சத்தத்த மட்டும் மாத்திட்டாங்க. ஆக, வித்தியாசமா இருந்தா கான்செப்ட் கார்னு முடிவு பண்ணிடக் கூடாது. ஆட்டோ ஷோ வருஷத்தையும் பட வருஷத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எது முதல்ல வந்துச்சுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

"இதையெல்லாம் கண்டுபிடிச்சு என்ன ஆகப் போகுது?"ன்னு நீங்க கேக்கலாம். ஷோ முடிஞ்ச பல கான்செப்ட் கார்களை கம்பெனிகளே நொறுக்கிப் போட்டிருக்காங்க. ஃப்யூச்சுராவுக்கு சினிமாவால ரெண்டாவது வாழ்க்கை கிடைச்சுது. ஆனா பேர் போயிடுச்சு. பேட்மொபைல் யார் செஞ்சதுன்னு கேட்டா எல்லாரும் பாரிஸ்னு சொல்லுவாங்க. தப்பில்ல, அவர் உழைப்பும் அதுல இருக்கு. ஆனா அந்தக் குமிழை யோசிச்சவங்களும் தகட்டைத் தட்டி வளைச்ச டூரின் தொழிலாளிகளும் அந்தப் பேச்சுல வர்றதே இல்ல. காரை அடையாளம் காணுறதுங்கிறது, அவங்களுக்குச் சேர வேண்டிய பேரைத் திருப்பிக் குடுக்கிறது.

அதனால அடுத்த தடவை அப்படி ஒரு கார் வந்தா, படத்த நிறுத்துங்க. கண்ணாடியையும் கதவையும் பாருங்க. தெரியலைன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்களுக்கு அனுப்புங்க, சேர்ந்து தேடுவோம். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!