ஒரு சான்றிதழுக்கு எத்தனை பேர் போட வேண்டும்?

(மாத்தளை மாவட்டத் தோட்டங்களைச் சேர்ந்த பெற்றோர்களும் இளைஞர் யுவதிகளும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துணி துவைக்க, விறகு பொறுக்க என்று இருக்கிற ஒரே ஓய்வு நாளையும் விட்டுவிட்டு, ரத்தோட்டைப் பக்கமிருந்தும் எல்கடுவைப் பக்கமிருந்தும் உக்குவளைப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக என்னிடம் வருகிற பெற்றோர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஐயா, மக ஏ.எல். முடிச்சிட்டா. எச்.ஆர். கோர்ஸ் ஒன்னு இருக்காம், ஆறு மாசத்துல சர்ட்டிபிகேட் குடுப்பாங்களாம். காசு கட்டலாங்களா?" கட்டலாம் என்றோ கட்டக்கூடாது என்றோ ஒரே வார்த்தையில் சொன்னால் அது பொய்யாகிவிடும். கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எச்.ஆர். என்றால் என்ன? தமிழில் மனிதவள முகாமைத்துவம் என்கிறார்கள். பெயர் புதிது, வேலை நமக்குப் பழையது. பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவது, செக்ரோலில் பேர் போடுவது, சம்பளம் பிரிப்பது, ஈ.பி.எஃப். அனுப்புவது, பிள்ளைப்பேற்று லீவுக் கணக்கு, ஓய்வு பெறும்போது சேவைக்காலம் பார்ப்பது எல்லாம் அதுதான். தோட்டத்தில் இதைக் கிளாக்கர் ஐயாவும் சேமநல உத்தியோகத்தரும் செய்கிறார்கள். தொழிற்சாலையிலோ ஹோட்டலிலோ இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆளைத் தெரிவு செய்வது, பயிற்சி கொடுப்பது, பிணக்குத் தீர்ப்பது என்று அங்கே வேலை இன்னும் விரிகிறது.

இனி கணக்கு. கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஒரு லட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. கணக்குக்கு அதையே எடுப்போம். இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிற தொகையை நீங்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 1,350இல் ஈ.பி.எஃப். எட்டு வீதம், அதாவது 108 ரூபா கழியும். கைக்கு வருவது 1,242. ஒரு லட்சத்துக்கு 81 பேர் போட வேண்டும். வகுப்பு கண்டியில் என்றால், வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 600 ரூபா என்று வைத்தாலும் 26 வாரத்துக்கு 15,600. எல்லாம் சேர்ந்து 94 பேர். மாதம் இருபது பேர் விழுகிற வீட்டில் இது ஒரு ஆளின் ஐந்து மாத உழைப்பு. அந்த ஐந்து மாதமும் அரிசி மா வாங்காமல் இருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு கொடுத்தால் திரும்ப என்ன வரும்? சான்றிதழ் இல்லாமல் கிடைக்கிற சம்பளத்துக்கும், இருந்தால் கிடைக்கிற சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் பெறுமதி. மாதம் 5,000 ரூபா கூடுமென்றால் போட்ட பணம் திரும்ப இரண்டு வருஷம் போகும். ஒன்றும் கூடாதென்றால் திரும்பவே திரும்பாது. கூடுமா கூடாதா என்பதை வகுப்பு நடத்துகிறவரிடம் கேட்காதீர்கள், அவர் கூடும் என்றுதான் சொல்வார். நாலு ஞாயிறு வீரகேசரியும் தினகரனும் எடுத்து, ஆங்கிலப் பத்திரிகை ஒன்றையும் எடுத்து, எச்.ஆர். வேலை விளம்பரங்களை வெட்டி வையுங்கள். என்ன தகைமை கேட்கிறார்கள், எத்தனை வருஷ அனுபவம் கேட்கிறார்கள், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குச் செலவு பத்திரிகைக் காசு மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, லயத்துப் பிள்ளைதான், நகரத்தில் ஓரிடத்தில் காசு கட்டி எச்.ஆர். சான்றிதழ் வாங்கினாள். நேர்முகப் பரீட்சையில் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயம் கேட்டார்களாம். கணினியில் வரவுப் பதிவு போடத் தெரியுமா? இந்தச் சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்ல முடியுமா? ஈ.பி.எஃப்.க்கு முதலாளி எவ்வளவு, தொழிலாளி எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மாதாமாதம் அம்மாவின் சம்பளச் சிட்டையிலேயே கழிவு இருந்தது! பிறகு அந்தப் பிள்ளை விடவில்லை. ஒரு வருஷம் சிங்களமும் கணினியும் படித்து, ஒரு தொழிற்சாலையில் வரவு எழுதுகிற வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து கம்பனியே பாதிக் காசு போட்டு அவளை மேல்படிப்புக்கு அனுப்பியது. எனக்கு இந்த வரிசைதான் சரியாகப் படுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் தலைகீழாகப் போகிறார்கள்.

அப்படியானால் எச்.ஆர். படிப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். இல்லை, நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று மிகவும் விரும்புகிறவன் நான். செக்ரோல் மேசையில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் அதற்குக் காரணம் சொல்கிறேன்.

1,350 ரூபா சம்பளத்துக்கு முதலாளி 12 வீதம், 162 ரூபா ஈ.பி.எஃப்.க்குச் சேர்க்க வேண்டும். ஈ.டி.எஃப்.க்கு 3 வீதம், 40 ரூபா 50 சதம். உங்கள் 108ஐயும் கூட்டினால் ஒரு நாளைக்கு 310 ரூபா 50 சதம் உங்கள் பெயருக்குப் போகிறது. 'உங்கள் பெயருக்கு' என்றேன், அங்கேதான் சிக்கல். செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு மாதிரி. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எத்தனை நடை? எழுதினவர் கெட்டவர் இல்லை. காதில் விழுந்ததைத் தன் மொழியில் எழுதினார், அவ்வளவுதான்.

பணிக்கொடையும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷமாவது வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருஷத்துக்குப் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 30 வருஷம் உழைத்தவருக்கு 420 நாள். 1,350 வீதம் 5,67,000 ரூபா. இரண்டு வருஷச் சேவையைப் புத்தகத்தில் தவறவிட்டால் 37,800 ரூபா போய்விடும். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருந்தால் எப்படி இருக்கும்! இந்த அறிவுக்கு லட்சம் ரூபா தேவையில்லை. தொழில் திணைக்கள அலுவலகத்திலும் தொழிற்சங்கக் காரியாலயத்திலும் கேட்டுப் படிக்கலாம்.

இனி, காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு.

"அரசாங்கப் பதிவு பெற்றது" என்று நோட்டீசில் போட்டிருப்பார்கள். எந்தப் பதிவு என்று கேளுங்கள். கடை நடத்துவதற்கும் வியாபாரப் பதிவு உண்டு. அது படிப்புக்கு அங்கீகாரம் ஆகாது. தொழிற்கல்வி நிலையங்களைப் பதிவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிலையம் பதியப்பட்டிருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகிற பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. இரண்டையும் கேளுங்கள். தேசிய தொழில் தகைமை என்றால் எத்தனையாவது மட்டம் என்று கேளுங்கள். மொத்தம் ஏழு மட்டம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஒரு படியில் ஏறினால் அடுத்த படிக்கு வழி இருக்க வேண்டும். நடுவில் நின்றுபோகிற ஏணிக்கு ஏன் காசு?

எச்.ஆர். துறைக்கென்றே இலங்கையில் ஒரு தொழில்சார் நிறுவகம் இருக்கிறது. 1959இல் ஆரம்பித்து, 1976ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட ஆளணி முகாமைத்துவ நிறுவகம் அது. பின்னர் பட்டய நிறுவகமாகியது. சான்றிதழிலிருந்து முழுத் தகைமை வரை அங்கே படிகள் உண்டு. தோட்டத்துறையிலேயே உத்தியோகம் பார்க்க நினைக்கிற பிள்ளைக்கு அதுருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. இவற்றின் கட்டணத்தையும், எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் நேரடியாக எழுதிக் கேளுங்கள். நோட்டீஸ் கொடுத்தவரின் கட்டணத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வேளை அவர் கேட்பதில் நியாயம் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணினியைப் பொறுத்தவரை, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் குறைந்த கட்டணத்தில் படிக்க வழியுண்டு. சிங்களத்துக்கு மாத்தளை டவுனை விடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் பேசத் தெரிந்தால் போதாது, எழுதத் தெரிய வேண்டும்.

உரை முடிந்த பிறகு ஒரு தாயார் எழுந்து கேட்டார்: "ஐயா, மகளுக்குக் காசு கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம். தோட்டை அடகு வைக்கலாமுன்னு இருக்கேன். என்ன செய்யட்டும்?"

நான் சொன்னது: வெள்ளிக்கிழமை கட்டாதீங்கம்மா. இந்தத் தொகுதி போனால் அடுத்த தொகுதி ஆரம்பிப்பாங்க. தோடு காதுலயே இருக்கட்டும். அவங்க குடுத்த நோட்டீசையும் மகளோட ரிசல்ட் ஷீட்டையும் எடுத்துக்கிட்டு மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. பதிவு இலக்கத்தை முதல்ல பார்ப்போம்.