எந்தப் பக்கம்?

(விருத்தாசலத்தில் மாணவர்களிடையே பேசியது)

தோழர்களே, நான் வங்கி எழுத்தர். அரசியல் சட்டப் பிரிவு 16(4) எனக்குக் கதவு திறந்தது. நீங்கள் போகிற தனியார் ஐ.டி. சப்போர்ட் வேலைக்கு அந்தக் கதவு கிடையாது. 2007இல் தோரட்டும் அட்வெல்லும் ஆய்வு வெளியிட்டார்கள்: ஒரே தகுதி, ஆனாலும் தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு குறைவு.

அதனால் அழைப்பு வந்தால் விடக்கூடாது. 'நெட் வரல, என்ன செய்வே?' என்பான். நம்மூர்ச் சூளையில் கோப்பை விரிசல் விட்டால் மண்ணா, ஈரமா, சூடா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்ல, அதே மாதிரிதான். முதலில் கேபிள். பிறகு ஐ.பி. முகவரி, 169.254 என்று தொடங்கினால் டி.ஹெச்.சி.பி.யிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. அடுத்து கேட்வேக்கு பிங். கடைசியில் டி.என்.எஸ். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

'ஊர்ல எந்தப் பக்கம்?' என்றும் கேட்பான். வேலையில் சேர்ந்த அன்று என்னையும் கேட்டார்கள். தெருப் பேரை முழுங்கிட்டு 'ஜங்ஷன் பக்கம்' என்றேன். இன்னும் உறுத்துது. சொல்றதும் சொல்லாததும் உங்க முடிவு. தலை மட்டும் குனியக்கூடாது.