எறும்பு எழுத்து

எங்கள் கோட்டூர்புரத்தில் வார இறுதியானால் ஒரு இலவசப் பத்திரிகை வாசலில் வந்து விழும். போன வாரம் அதில் ஒரு நாடி ஜோதிடரைப் பற்றி அரைப் பக்கம். பெருவிரல் ரேகையைப் பார்த்தே பெயரையும் பெற்றோர் பெயரையும் சொல்லிவிடுவாராம். செய்தி மாதிரிதான் இருந்தது. கடைசி வரியில் மட்டும் எந்த லாட்ஜ், எத்தனை நாள் முகாம், செல்போன் நம்பர்! மூலையில் எறும்பு சைஸிலாவது 'விளம்பரம்' என்று போட்டிருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். இல்லை.

விளம்பரம் எது, செய்தி எது என்று வாசகருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. காசு கைமாறியதா என்பது அப்புறம். எழுதினவர் ஒரு கேள்வியாவது கேட்டாரா?

இலங்கையில் ஒருவர் கேட்டார். திருவல்லாவில் பிறந்த ஆபிரகாம் கோவூர். ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லுங்கள், ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று சவால் விட்டார். 1978-இல் அவர் கண்மூடும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. நம்ம நிருபருக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டும் ஒரு கவரும் போதுமே!

அதே பக்கத்தின் அடியில், 1988 முதல் நம்ம பேட்டையிலேயே இருக்கும் பிர்லா கோளரங்கத்தின் காட்சி நேரமும் இருந்தது. ஒற்றை வரி.