அயலும் இல்லமும்

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. தாயின் கையை எண்ணி யாரோ சொன்னதாக இருக்கலாம். ஆயினும், அடிபட்டுப் பிறந்தகம் வந்த பெண்ணைத் தேற்றித் திருப்பி அனுப்புவதற்கே அது பெரிதும் பயன்பட்டு வருகின்றது. "கல்லானாலும் கணவன்" என்பதும் அதனோடு சேர்ந்துகொண்டால், அப்பெண் வாய் திறப்பதற்கு வழியேயில்லை.

இது எங்கோ சில வீடுகளில் நிகழ்வதன்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் பெண்களின் நல்வாழ்வு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. வாழ்க்கைத் துணை வாய்த்த பெண்களுள் ஐவரில் ஒருவர், அத்துணைவராலேயே உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தமை அதனால் தெரியவந்தது. நேயர்கள் தத்தம் ஒழுங்கையிலுள்ள வீடுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலிகளில் முன்னர் ஒரு பொட்டு இருக்கும். அதன் வழியே கறிவேப்பிலையும் போகும், செய்தியும் போகும். இன்று பல இடங்களில் வேலி மதிலாகிவிட்டது. மதில் பார்வையை மறைக்கிறதேயன்றி ஒலியை மறைப்பதில்லை. இரவில் அடுத்த வீட்டில் அலறல் கேட்கிறது. கேட்டவர் "குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்துகின்றார். வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுவோரும் உளர்.

சட்டமோ இதனைக் குடும்ப விஷயமென்று விட்டுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, துன்புற்றவர் நீதவான் நீதிமன்றத்தை நாடிப் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமெனக் கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளையை உடனே வழங்குவார். துன்புறுத்தியவர் வீட்டினுள் நுழைவதையும் தடுக்கலாம். உடற்காயம் மட்டுமன்றி, தொடர்ந்து கொடுமைப்படுத்தி இழிவுபடுத்துவதும் இச்சட்டத்துள் அடங்கும். ஆனால், நீதிமன்றம் நகரத்தில் இருக்கின்றது. கையில் பஸ் காசு இல்லாதவளுக்கு அது கடல் கடந்த ஊர் போன்றது. ஆகவேதான் அயலாரின் பங்கு பெரிதாகின்றது.

அயலார் ஒன்றுமே செய்வதில்லை என்பதும் சரியன்று. ஊர்ப் பெரியவர்கள் கூடுகின்றார்கள். கணவனை அழைத்துக் கண்டிக்கின்றார்கள். கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் வாங்குகின்றார்கள். "இனி ஒற்றுமையாக இருங்கள்" என்று இருவரையும் அனுப்பிவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்புகின்றார்கள். அடுத்த வாரம் அவ்வீட்டில் என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு எவரும் போவதில்லை. ஊரைக் கூட்டிய குற்றமும் இப்போது அவள் கணக்கில் சேர்ந்துவிடுகின்றது. காணித் தகராற்றுக்கு இணக்கம் நல்ல மருந்து. அங்கே இரு கட்சியினரும் ஏறக்குறையச் சமமானவர்கள். அடிப்பவனுக்கும் அடிபடுபவளுக்கும் இடையே அச்சமம் ஏது? கணவன் எதிரே அமர்ந்திருக்க, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டால் அவள் தலையசைக்கத்தான் செய்வாள். தனியே அழைத்து, நம்பிக்கையான ஒரு பெண்ணைக் கொண்டு, "இன்றிரவு அங்கே போக உனக்குப் பயமில்லையா?" என்று வினவுவதே முதற்கண் வேண்டியது.

மதுவே இதற்கெல்லாம் காரணம் என்பாரும் உண்டு. கசிப்பை ஒழிக்க ஊர்ப் பெண்கள் முயல்வது போற்றத்தக்கதே. ஆயினும், வெறியில் வருபவன் வழியிலே எதிர்ப்படும் விதானையாரை அடிக்காமல், வீடுவரை நடந்து வந்து மனைவியை அடிப்பது எங்ஙனம்? அடிக்கக்கூடிய இடம் எதுவென்பது அந்த வெறியிலும் அவனுக்குத் தெரிந்தே இருக்கின்றது. அவ்விடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் சுற்றியிருப்போரே.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதில் நிறையச் செய்யலாம். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தார் பாடல்களாலும் நாடகங்களாலும் இப்பொருளை மக்கள் முன் கொண்டுவந்துள்ளனர். சனசமூக நிலையத்து இளைஞர்களும் இதனைப் பெண்கள் காரியமென்று ஒதுக்குதல் தகாது. ஆண் செய்வது தவறென்று மற்றோர் ஆண் சொல்லும்போது அது வேறு விதமாய்க் காதில் விழுகின்றது. வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் காயத்தைக் காண்கின்றார். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை ஏன் இரவு தூங்கவில்லை என்பதை ஆசிரியர் அறியலாம். அறிந்ததை ஊரெங்கும் பரப்பாமல், உரியவரிடம் மட்டும் கூறும் பக்குவம் இவர்களுக்கு வேண்டும்.

சத்தம் கேட்கும் வேளையில் இருவர் மூவராகச் சென்று, நெருப்புப் பெட்டியோ சீனியோ கேட்டுப் படலையைத் தட்டினாலும் ஓங்கிய கை தாழ்வதுண்டு. கத்தி கையிலிருப்பின் கிட்டப் போதல் ஆகாது. 119 என்னும் இலக்கத்தில் பொலிஸை அழைத்தல் வேண்டும். பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938. அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்னும் பிரிவு உண்டு. காயத்துக்கு மருந்திடுவதோடு ஆலோசனையும் கிடைக்கும். தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை அவள் ஒரு பையிலிட்டு ஒப்படைப்பதற்கு நம்பகமான ஒரு வீடும் அயலில் வேண்டும்.

பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லும். அந்த ஓராண்டில் தவணை நாளன்று அவளோடு பஸ்ஸில் செல்ல ஒருவரும், அவள் திரும்பும்வரை பிள்ளைகளுக்குச் சோறு போட ஒருவரும், கடையில் "இவள்தான் அவள்" என்று குசுகுசுப்பவர்களின் வாயை அடக்க ஒருவரும் தேவைப்படுவர்.