முள்ளு என்ன சொல்லுது?

இந்த வாரம், கம்ப்யூட்டரே இல்லாத ஒரு எஞ்சினை டீபக் பண்ணின கதை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க தாத்தாவோட பிரீமியர் பத்மினி நிக்குது. 1089 சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர். ஒரு காலத்துல பட்டுப்புடவை மூட்டையெல்லாம் அதுலதான் போகும். போன மாசம் ஐடிலிங்ல உதற ஆரம்பிச்சுது. மெக்கானிக் ஒருத்தர் கேட்டுப் பார்த்துட்டு, "எஞ்சினை இறக்கணும்"னார். தாத்தா, "அவ்வளவு செலவு எதுக்குப்பா, எடைக்குப் போட்டுடலாம்"னார்.

மெக்கானிக் ஏமாத்தினார்னு நான் சொல்லலை. உதறலுக்குக் காரணம் பத்து இருக்கும். ஆனா லாக் பார்க்காம மொத்த கோடையும் திருப்பி எழுதலாம்னா ஒத்துக்குவோமா? இந்த எஞ்சினுக்கு லாக், வாக்குவம் கேஜ்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காத்தை இழுக்குது. ஐடிலிங்ல த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கு. அதனால இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தம் குறையுது. எவ்வளவு குறையுதுன்னு பாதரச அங்குலக் கணக்குல கேஜ் காட்டும். சூடான, நல்ல எஞ்சின்ல முள்ளு 17-லேருந்து 22-க்குள்ள ஆடாம நிக்கும்.

நம்பரை விட முக்கியம், முள்ளோட அசைவு. சீரான இடைவெளியில டக்கு டக்குனு விழுந்தா, ஏதோ ஒரு வால்வு சரியா மூடலை. ஐடிலிங்ல வேகமா நடுங்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அடங்கினா, வால்வு கைடு தேஞ்சிருக்கலாம். 2,500 ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சா மெல்ல இறங்கிக்கிட்டே போகுதா? சைலன்சர் பக்கம் அடைப்பு. ஆடாம, ஆனா தாழ்வா நின்னா, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கு, இல்லன்னா எங்கேயோ காத்து உள்ளே கசியுது.

எங்க முள்ளு 13-ல நின்னுது. டைமிங் சரியா இருந்துது. கார்புரேட்டர் அடிப்பக்கம் லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணினேன். எஞ்சின் சத்தம் மாறுச்சு, முள்ளு மேலே ஏறுச்சு. கசிவு அங்கேதான். கேஸ்கெட் ஒண்ணு மாத்தினோம். 18!

ஒரு எச்சரிக்கை. 1,000 அடி உயரத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையும். காஞ்சிபுரம் கடல்மட்டத்துலேருந்து 100 மீட்டர்கூட இல்லை, அதனால பிரச்சினை இல்லை. ஊட்டி 7,000 அடிக்கு மேல. இதே ஆரோக்கியமான எஞ்சின் அங்கே 11 காட்டும். பயந்துடாதீங்க.

இன்னொண்ணு, கேஜ் தீர்ப்பு சொல்லாது, எங்கே தேடணும்னுதான் சொல்லும். வால்வு சந்தேகம் வந்தாக்கூட கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்துட்டு அப்புறம் எஞ்சினைத் திறங்க.

தாத்தா இப்ப தினமும் சாவியைப் போட்டு, முள்ளைப் பார்த்துட்டுத்தான் காபி குடிக்கிறார்.